பின்கதவின் ரெசிஸ்டர்

கோவிலம்பாக்கத்தில் பொன்னுரங்கம் வீட்டுக்கு அலாரம் மாட்டியவன் நான். ஆறு வருஷமாக ஒரு புகாரும் வந்ததில்லை. புகார் வராவிட்டால் வேலை சுத்தம் என்று எங்கள் தொழிலில் நாங்களே மெச்சிக்கொள்வோம். அந்த வீட்டுக்கு இன்னும் திருடன் வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

போன புதன்கிழமை காலை பொன்னுரங்கம் போன் செய்தார்.

"மொஹ்சின் பாய், லெட்டர்பேடு, சீலு ரெண்டும் எடுத்துகினு வா."

கம்பியைச் சோதிக்கும் மீட்டரை எடுத்து வரச் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்துப் போனேன்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குக் கிளம்பியிருக்கிறார். அலாரத்தைப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து அலாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனால், பூஜை அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டையும் காணோம், வெள்ளிக் குடத்தையும் காணோம். எந்தப் பூட்டும் உடையவில்லை. இடையில் சைரன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கதவு திறந்தால் குறித்துவைக்கும் அலாரப் பேனலின் பதிவிலும் ஒன்றும் இல்லை. அப்படியானால் அலாரம் போடுவதற்கு முன்பே பொருள் போயிருக்க வேண்டும் என்று பொன்னுரங்கம் முடிவு கட்டிவிட்டார். அந்த விடியற்காலையில் வீட்டுக்குள் இருந்த வெளியாள் ஒருத்திதான். பூஜை அறையைத் துடைக்க வந்த பச்சையம்மா.

நான் போனபோது அவள் சமையலறைத் தரையில், பின்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவள். முந்தின நாள் பொன்னுரங்கத்தின் பங்காளிகள் இரண்டு பேர் நன்மங்கலத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய், அரிசி டிரம்மைக்கூடக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். அரிசிதான் கொட்டியது.

"நாளைக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுக்கப் போறேன்," என்றார் பொன்னுரங்கம். "அலாரம் கரீட்டா வேல செய்துன்னு நீ எய்தி குடுத்தா போதும் பாய். மிச்சத்த அவங்க கேக்கற மாதிரி கேட்டுக்குவாங்க."

"டெஸ்ட் பண்ணீங்களாண்ணா?"

"முன்கதவு தொறந்தேன். தெருவே எட்டிப் பாத்துது."

எல்லாரும் முன்கதவைத்தான் சோதிப்பார்கள். திருடனும் மரியாதையாக அந்த வழியாகவே வருவான் என்று ஒரு நம்பிக்கை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பேனலைத் திறந்தேன். நான்கு கதவுக்கும் நான்கு ஜோன், அதாவது கதவுக்கு ஒரு தனி இணைப்பு. அவற்றுக்கான சின்ன மின்தடைகள், நான்கு ரெசிஸ்டர்களும் பேனலுக்குள்ளேயே வரிசையாக, அழகாக நின்றன. என் கைவேலை.

ரெசிஸ்டரைக் கதவில் மாட்ட வேண்டும், பேனலில் அல்ல. கதவு மூடியிருந்தால் அந்த ரெசிஸ்டர் பேனலுக்குத் தெரியும். எல்லாம் சரி என்று அது சும்மா இருக்கும். கதவைத் திறந்தால் இணைப்பு அறுந்து சைரன் அடிக்கும். வழியில் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ரெசிஸ்டர் பேனலுக்குத் தெரியாமல் போய், கோளாறு விளக்கு எரியும். ரெசிஸ்டர் பேனலுக்குள்ளேயே இருந்தாலோ, வெளியே கம்பி எப்படி ஒட்டினாலும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். பிறகு கதவைக் கழற்றிக்கொண்டு போனாலும் எல்லாம் சரி என்றுதான் பேனல் சொல்லும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. அலாரம் மாட்டிய அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா. ஒவ்வொரு கதவாகப் போய் நிலைச்சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரெசிஸ்டரைப் பற்றவைக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பேனலில் திருகினால் ஐந்து நிமிஷம். தொழுகையின் மேல் பழி போட மாட்டேன். ஜும்மா இல்லாத நாட்களிலும் பல வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு அதன் கம்பியில் மீட்டரை வைத்தேன். கதவு மூடியிருப்பதாகவே காட்டியது. கம்பி போன வழியே போனேன். சமையலறையில் இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டிய மாடுலர் கிச்சனின் மேல் அலமாரிக்குள், சுவரில் இறக்கிய ஒரு ஸ்க்ரூ பாய்ந்து இரண்டு கம்பியையும் ஒட்டவைத்திருந்தது. அன்றிலிருந்து பின்கதவுக்கு அலாரமே இல்லை.

கோளாறு கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. ஸ்க்ரூவைக் கழற்றி, வெட்டுப்பட்ட இடத்தில் டேப் சுற்றினேன். அதன் பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் பொன்னுரங்கம் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"பின்கதவையும் பாத்துடு பாய்."

அலாரத்தைப் போட்டார். நான் கதவைத் திறந்தேன். சைரன் அலறியது. பச்சையம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"போதுமா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார் பொன்னுரங்கம். அவர் மனைவி சந்திரிகா பெருமூச்சு விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மற்ற மூன்று கதவுகளையும் சோதித்துவிட்டு, லெட்டர்பேடை எடுத்து எழுதினேன். 'இன்றைய தேதியில் நான்கு கதவுகளும் சோதிக்கப்பட்டன. அலாரம் நல்ல நிலையில் இயங்குகிறது.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சீலையும் வைத்துவிட்டேன். அந்த ஸ்க்ரூ என் சட்டைப் பையில் இருந்தது.

பச்சையம்மா அழுவாள், சாபமிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சந்தேகம்தான் கேட்டாள்.

"பாய், இப்ப அடிச்சிது. அன்னிக்கும் அடிச்சிருக்குமா?"

பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. இந்தத் தெருவில் மட்டும் ஒன்பது வீட்டுக்கு நான்தான் அலாரம் மாட்டியவன்.

"அடிச்சிருக்காதும்மா," என்றேன்.

"இன்னா பாய் ஒளர்ற? இப்பதான அடிச்சிது," என்றார் பொன்னுரங்கம்.

டேப்பைப் பிரித்து, ஸ்க்ரூவை அதே ஓட்டையில் வைத்து, பழைய ஆழத்துக்குத் திருகினேன். மறுபடியும் அலாரத்தைப் போடச் சொன்னேன். அலாரம் போட்டாயிற்று என்று கீபேடில் சிவப்பு விளக்கு வந்தது. பின்கதவை அகலத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு மிக்சி ஓடுவது கேட்டது. சந்திரிகா கீபேடைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பொன்னுரங்கம் தானே போய்க் கதவை மூடித் திறந்து பார்த்தார். மூன்றாவது தடவையும் திறந்தார்.

"என் தப்புண்ணா. ரெசிஸ்டர் கதவுல இருந்திருந்தா ஸ்க்ரூ எறங்கின அன்னிக்கே காட்டிக் குடுத்திருக்கும். இந்தக் கதவுக்கு சாவி யார் யார்கிட்ட இருந்துது?"

அவர் யோசித்தார். கிச்சன் வேலைக்கு வந்தவர்களிடம் ஒன்று கொடுத்திருந்தார். திரும்ப வாங்கினாரா என்பது அவருக்கு நினைவில்லை.

எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, நடந்ததை வேறொரு தாளில் எழுதிச் சீல் வைத்தேன்.

"உன் பேர நீயே கெடுத்துக்கிற," என்றார் பொன்னுரங்கம். கோபமாகச் சொல்லவில்லை. தாளை மடித்து வாங்கிக்கொண்டார்.

பச்சையம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. வெட்கத்தில் மீட்டரின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சந்திரிகாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

"நாளைக்கு சீக்கிரம் வந்துடு பச்சையம்மா. வீடு போட்டது போட்டபடி கிடக்கு."

"இல்லக்கா. அரிசி தரையெல்லாம் கீது. நான் போய் அத்த அள்ளணும்."

பின்வாசல் படியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாகவே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை வரவுமில்லை.

கீபேடில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. அலாரத்தை நிறுத்துவதற்கு முன் பதிவைப் பார்த்தேன். அவள் போனது அதில் இல்லை.