நடுவில் வேகவில்லை

கத்தி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது, பாதியில் நின்றுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். மாட்டிறைச்சித் துண்டு இரண்டாகப் பிளந்தது. வெளியே கருகல், உள்ளே பச்சை இறைச்சியின் சிவப்பு. விரலால் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது. கல்யாணமான பிறகு தங்கை கணவனோடு முதன்முறையாகச் சாப்பிட வந்திருக்கும் நாள். தடிமனான துண்டாகப் பார்த்து வாங்கி, பால்கனியில் கரி அடுப்பை மூட்டி, "இதுக்கெல்லாம் ஒரு கைப்பக்குவம் வேணும் மாப்பிள்ளை" என்று அவர்கள் வந்ததிலிருந்து அளந்துகொண்டிருந்தான். புகை வீட்டுக்குள் வந்தபோது தங்கை, "நெருப்பணைக்கிற வண்டியைக் கூப்பிடவாண்ணா?" என்று கேட்டதற்குக்கூட, "சாப்பிட்டுட்டுப் பேசு" என்றிருந்தான்.

காலையிலேயே மனைவி கேட்டாள். "இதை இப்பவே ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய வச்சிரட்டுமாங்க? இவ்வளவு தடியா இருக்கு. ஜில்லுன்னு நெருப்புல போட்டா உள்ள வேகாது."

"உள்ளயே இருக்கட்டும். எனக்குத் தெரியாதா?" என்றான் அவன்.

இப்போது மூன்று பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவகிட்ட காலையிலயே எடுத்து வெளிய வைன்னு சொன்னேன்" என்றான். யோசித்துச் சொல்லவில்லை. சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுத்துக்கொள்வதுபோல் தானாக வந்துவிட்டது.

மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "ஆமாங்க, நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லி, தட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"எல்லா வீட்லயும் இதே கதைதான் மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தான். இவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் காதுக்கே சகிக்கவில்லை.

அவள் இறைச்சியை மெல்லிசாகச் சீவி, வெங்காயமும் மிளகும் போட்டு வாணலியில் புரட்டிக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டான். "அண்ணி, பிரமாதம்!" என்றாள் தங்கை. இவனோ, இப்போது சொல்லிவிடலாம், இந்த வாய் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாயாக மென்றுகொண்டிருந்தான்.

மூன்றாவது தடவைக்கு மாப்பிள்ளை கை நீட்டியபோது முழங்கை இடித்துத் தம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் முழுக்கத் தங்கையின் மடியில்.

"இதை ஏன் இங்க வச்சே? தள்ளி வைன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றான் மாப்பிள்ளை.

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு அங்கே வைத்ததே அவன்தான். தங்கைக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். கையும் களவுமாகப் பிடித்தாலும், அது என் கையே இல்லை என்று சாதிப்பவள். இதோ ஆரம்பிக்கப் போகிறாள் என்று அண்ணன் காத்திருந்தான். அவளும் வாயைத் திறந்தாள். ஒரு கணம் எதிரே இருந்த அண்ணியைப் பார்த்தாள்.

"ஆமாங்க, மறந்துட்டேன்" என்றாள். குரல்கூட அண்ணியுடையதுதான்.

காது மடலிலிருந்து கழுத்துவரை அவனுக்குச் சுட்டது. தான் எழுந்து நின்றுவிட்டது அவனுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

"மாப்பிள்ளை... காலையில இவ கேட்டா, கறியை எடுத்து வெளிய வைக்கட்டுமான்னு. நான்தான் வேணாம்னேன். இவ எதையும் மறக்கல."

வாயாடி குனிந்தபடி மடியில் நனைந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சற்றுப் பொறுத்து மாப்பிள்ளை எழுந்து, துண்டை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். மனைவி கணவன் பக்கம் திரும்பவே இல்லை. துண்டு வரும் வழியிலிருந்த தம்ளர்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.