ஒத்திகையில் தூக்கிய கை

நகராட்சிக் கூட்டம் பதினோரு மணிக்கு. அதற்கு முன்பே, ஒன்பது மணிக்கு, எங்கள் கட்சி அலுவலகத்தில் ஒத்திகை முடிந்துவிடும். செயலாளர் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார், உறுப்பினர்கள் நாங்கள் கை தூக்குவோம், அவர் பேனாவை நீட்டித் தலை தலையாக எண்ணுவார். எவனாவது சபையில் கண்ணயர்ந்து தப்பான நேரத்தில் கை தூக்கிவிடக் கூடாதே என்று எப்போதோ தொடங்கிய வழக்கம். அன்று ஏழாவது தீர்மானம், எங்கள் வார்டு சுகாதார நிலையத்தை மூடிவிடுவது. நானும் தூக்கினேன்.

"பாருங்கப்பா, தராசு கூட தூக்கிட்டாரு," என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். எதையும் இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுகிறவன் என்பதால் கட்சியில் எனக்கு வைத்த பெயர் அது. ஆரம்பத்தில் அதைப் பாராட்டு என்று நினைத்து நான் பெருமைப்பட்டதும் உண்டு.

எனக்கோ வேறு யோசனை இருந்தது. அந்த நிலையத்தில் என் அக்கா பதினெட்டு வருடமாக நர்ஸ். அவளுக்காக மட்டும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். கட்சிக்குள் இதை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் தலைவர் "நல்ல கருத்து" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு சரி. அதனால், கூட்டத்துக்கு நாலு நாள் முன்பே, காலை நேரம் மட்டுமாவது நிலையம் நடக்கட்டும் என்று நானே ஒரு திருத்தம் எழுதி, எதிர்க்கட்சி உறுப்பினரான மருந்துக்கடை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்க கொண்டு வாங்க. நான் உங்க பக்கம் கை தூக்குறேன்," என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நிஜமாத்தானே சொல்றீங்க?"

"என்னம்மா, சத்தியம் வேற பண்ணணுமா?"

அன்று சாயங்காலமே அக்காவிடமும் போனில் சொன்னேன். "உன்னால முடியும்னா செய்டா. இல்லன்னா இப்பவே சொல்லிடு. நான் இங்க யாருக்கும் வாக்கு குடுக்காம இருந்துக்கறேன்," என்றாள். முடியும் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

சபையில் மருந்துக்கடை அம்மா திருத்தத்தை வாசித்தார். 'மூச்சு வாங்கும் நோயாளியை இரண்டு பஸ் மாறி வரச் சொல்வது நிர்வாகம் ஆகாது' என்ற வரி வந்ததும் எதிர்வரிசை மேசையைத் தட்டியது. நான் ராத்திரி முழுக்க அடித்து அடித்து எழுதிய வரி. என் கையும் தட்டப் போனது, அடக்கிக்கொண்டேன். பார்வையாளர் பகுதியில், முதல் வரிசையில் செயலாளர். அவருக்குப் பின்னால், சீருடையோடு அக்கா.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்," என்றார் தலைமை வகித்தவர்.

செயலாளர் என்னை முறைக்கவில்லை. முறைத்திருந்தால் ஒருவேளை தூக்கியிருப்பேன். அவர் சும்மா, பழகிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனிதர். அந்த நன்றிதான் என் கையைப் பிடித்தது என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பொய். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் போகிற இடத்துக்கு மறுநாள் போக முடியாதே என்று பயந்தேன், அவ்வளவுதான். கை மேசையிலேயே கிடந்தது. மருந்துக்கடை அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

"எதிர்க்கிறவங்க?"

நடுநிலைக்காரன் என்று பெயர் வாங்கியவன் அப்போதாவது நடுவில் இருந்திருக்கலாம். இல்லை. காலையில் தூக்கியது போலவே தூக்கினேன். பத்துக்குப் பதினொன்று. திருத்தம் தோற்றது, நிலையத்தை மூட ஒரு மாதக் கெடு வைத்தார்கள். சபைப் பதிவில் பெயர்கள் வராது, எண்ணிக்கை மட்டும்தான். நான் தலை நிமிர்ந்தபோது அக்காவைக் காணோம்.

இரண்டு நாள் அவள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் நேரில் போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்பது, அங்கே இருக்கிறவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். சுவரோரமாக நீளமான பெஞ்சில் ஏழெட்டுப் பேர். அக்கா ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார். சிஸ்டர் எல்லாம் சொன்னாங்க. உங்க கட்சியிலயே நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காகக் கை தூக்குனீங்களாமே."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. காதில் ஸ்டெதாஸ்கோப்போடு, பெரியவரின் கையில் சுற்றியிருந்த பட்டையில் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தாள், கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"அது வந்து..." என்றேன்.

"தோத்தா என்ன சார். நீங்க நின்னீங்கல்ல. உக்காருங்க முதல்ல."

அவர் நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்தார். அப்படியே வரிசையாக எல்லோரும் நகர, கடைசியில் இருந்த மனிதருக்கு இடம் இல்லாமல் போனது. அவர் சுவரில் ஒரு கையை ஊன்றி எழுந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி, பரவாயில்லை என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் உட்கார்ந்தேன்.