லைன் ரெஃபரியின் வயிறு

கோர்தியேரா கால்பந்து லீக்கின் நடுவர் குழுவில் பட்டம் இல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. தலைவர் ‘டாக்டர்’. எதில் டாக்டர் என்று கேட்டவர்களுக்கு அடுத்த ஞாயிறு ஆட்டம் ஒதுக்கப்படாது. செயலாளர் ‘இன்ஜினியர்’. அவர் கட்டிய ஒரே கட்டடம் அவர் வீட்டுக் கோழிக்கூண்டு, அதுவும் போன மழையில் சாய்ந்துவிட்டது. இவர்கள் போதாதென்று அந்த ஆண்டு சமவெளியிலிருந்து, சாந்தா குரூஸிலிருந்து, உடற்தகுதி ஆலோசகராக லிசென்சியாதோ பெய்னாதோவைத் தருவித்தார்கள். பட்டதாரியை அங்கே லிசென்சியாதோ என்பார்கள், அவசரத்துக்கு லிசென். பெய்னாதோவுக்கு அவசரம் பிடிக்காது. முழுப் பட்டத்தையும் சொல்லி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்க மாட்டார்.

காசிமிரா வால்ப்பாவுக்குப் பட்டம் எதுவும் இல்லை. மேலே, நாலாயிரம் மீட்டர் உயரத்து எல் ஆல்த்தோவில் வீடு. கீழே லா பாஸ் பேருந்து நிலையத்தில் நின்று ‘ஒரூரோ, ஒரூரோ, ஒரூரோஓ’ என்று பஸ் போகும் ஊரைச் சொல்லிப் பயணிகளைக் கூவி அழைப்பது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கொடியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக ஓடும் லைன் ரெஃபரி. பதினாறு வருடமாக இரண்டாம் பிரிவிலேயே ஓடிக்கொண்டிருந்தாள். முதல் பிரிவுப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வரும் மார்ச்சில் நாற்பது முடிகிறது. நாற்பதுக்கு மேல் புதுப் பெயர் சேர்ப்பதில்லை. ஆகவே ஆகஸ்டில் நடக்கும் தேர்வுதான் கடைசி. எழுபத்தைந்து மீட்டர் ஓட்டம், இருபத்தைந்து மீட்டர் நடை, இப்படி நாற்பது முறை நிற்காமல். அதற்கு முன்னால் தராசு. அறுபத்தொரு கிலோவைத் தாண்டினால் வீட்டுக்குப் போகலாம். காசிமிரா அறுபத்தைந்து.

முதல் கூட்டத்தில் லிசென்சியாதோ தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்த பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து, சுவரில் ஒரு சிங்கத்தின் படத்தைக் காட்டினார்.

“சிங்கம் சூப் குடிக்குமா?”

பின்வரிசையில் இருந்த குரோவர், “யாராவது வச்சுக் குடுத்தா குடிக்கும், லிசென்,” என்றான்.

அவர் அதைக் காதில் வாங்காமல் திட்டத்தை விநியோகித்தார். விடிந்ததும் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, கூடவே பாலிலிருந்து எடுத்த புரத மாவைக் கரைத்து ஒரு குவளை. மதியம் கோழியின் நெஞ்சுக்கறி. மாலையில் மறுபடி மாவு. இரவில் மறுபடி நெஞ்சுக்கறி. உருளைக்கிழங்கு கிடையாது, பழம் கிடையாது, சூப் அறவே கிடையாது. ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போடாதவருக்குத் தகுதிச் சான்றில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து இல்லாதவர் ஓட முடியாது.

சூப் இல்லாத மதியச் சாப்பாட்டை அந்த ஊரில் சாப்பாடாகவே எண்ணுவதில்லை. இருந்தாலும் காசிமிரா அச்சுப் பிசகாமல் தின்றாள். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது. இரண்டாம் வாரம் வயிறு ஏறியது.

உள்ளே போனது எதுவும் வெளியே வர மறுத்தது. ஐந்து நாள் அவள் கழிப்பறைக்குப் போனதெல்லாம் வெறும் மரியாதைக்காகத்தான். காற்று மட்டும் தாராளமாக உற்பத்தியானது. இடுப்புப் பொத்தான் மாலைக்குள் கழன்றுவிடும். ‘ஒரூரோ’ என்று கூவ மூச்சை இழுத்தால் விலாவுக்கடியில் யாரோ முழங்கையால் குத்துவது போலிருக்கும். மூன்று ஒரூரோ வர வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் வந்தது.

வேலை முடிந்து மேலே போகும் கேபிள் காரில்தான் பெரிய சோதனை. ஒரு பெட்டிக்குப் பத்து பேர், கதவு மூடினால் பதினோரு நிமிடம் திறக்காது. ஒரு வியாழக்கிழமை, பெட்டி கிளம்பிய இரண்டாவது நிமிடத்தில் அவள் வயிறு நீளமாக ஒரு முனகல் முனகியது. எதிரே மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தாள்.

“யாராச்சும் நாய்க்குட்டி கொண்டாந்திருக்கீங்களா?”

“இல்லையே,” என்றார் பக்கத்துப் பெரியவர்.

“சத்தம் கேட்டுச்சே. பாவம், பசியில அழுவுது.”

காசிமிரா ஜன்னலுக்கு வெளியே இருந்த கூரைகளை எண்ண ஆரம்பித்தாள். ஐந்தாவது நிமிடத்தில் சத்தம் நின்றது. நின்றதற்கான காரணம் ஆறாவது நிமிடத்தில் பெட்டி முழுவதற்கும் தெரிந்தது. பெரியவர் எழுந்து மேலே இருந்த சின்னக் காற்றுத் திறப்பைத் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல், “குட்டி செத்துப் போச்சு போலிருக்கு,” என்றார்.

வீட்டில் கணவன் செவேரோ விழுந்து விழுந்து சிரித்தான். மினிபஸ் ஓட்டுகிறவன், எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான்.

“கீழ பள்ளத்தாக்குல இருந்து சிப்ஸ் பாக்கெட் ஏத்திக்கிட்டு வந்தா, இங்க வந்து சேரும்போது தலையணை மாதிரி உப்பி நிக்கும், பாத்திருக்கியா? மேல வர வர காத்து விரியும். அந்த லிசென் சமவெளி ஆளு. அவன் ஊர்ல அது பாக்கெட்டு. நம்ம ஊர்ல அது தலையணை. விட்டுத்தள்ளு கிழவி.”

“எதை விடச் சொல்றே?”

“இந்தக் கூத்தைத்தான்.”

“காத்தை வேணா விடறேன். தேர்வை விட மாட்டேன்.”

அன்றிரவே ஒரு நோட்டை எடுத்தாள். மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் சேர்ந்து கத்தினாலும் எவன் தள்ளினான் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். எல்லாரையும் ஒரேயடியாக வெளியே அனுப்பினால் ஆட்டம் நடக்காது. ஒவ்வொருவராகத்தான் கவனிக்க வேண்டும். மூன்று நாள் முட்டையை நிறுத்தினாள். வயிறு அசரவில்லை. முட்டை திரும்பி வந்தது. மூன்று நாள் கோழியை நிறுத்தினாள். அதுவும் குற்றமற்றது. பிறகு மாவு. குழுவுக்கு அனுப்பக் குவளையில் கரைத்துப் படம் எடுத்துவிட்டு, வீணாக்க மனமில்லாமல் செவேரோவுக்குக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மாலை அவள் பெல்ட்டில் இரண்டு துளை மிச்சமிருந்தது. கேபிள் காரில் நாய்க்குட்டி இல்லை. செவேரோதான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

“என்ன மாவுடி அது? பாசெஞ்சருங்க எல்லாம் அவங்க ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே எறங்கிப் போறாங்க.”

காசிமிரா நோட்டில் மாவின் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். யோசித்தால் அவள் தெருவில் யார் வீட்டிலும் பெரியவர்கள் பால் குடித்ததில்லை. பால் கன்றுக்குட்டிக்கு, மிஞ்சினால் பாலாடைக்கட்டிக்கு.

ஆனால் மாவை எடுத்துவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? எடை இறங்க வேண்டும், கால் தசை இறங்கக் கூடாது. சந்தையில் ஊறவைத்த தார்வி விற்கும் தோன்யா எவுசேபியாவிடம் போனாள். தார்வி மொச்சையைப் போல வெள்ளையாக, தட்டையாக இருக்கும். இறைச்சிக்குக் குறையாத சத்து. ஆனால் பிறவிக் கசப்பு. அந்தச் சந்தையில் விற்பவளும் வாங்குபவளும் ஒருவரையொருவர் கசேரா என்பார்கள், செல்லமாகக் கசேரித்தா.

“எத்தனை நாள் ஊறினது, கசேரா?”

“ஏழு நாள், கசேரித்தா. தண்ணி மாத்தி மாத்தி. அஞ்சு நாள்ல விக்கிறவளும் இருக்கா, அவகிட்ட வாங்கினா வயித்துல திருவிழா நடக்கும்.” எவுசேபியா ஒரு விதையைத் தோலிலிருந்து விரலால் பிதுக்கி அவள் வாயில் போட்டாள். “ஒரு நாளைக்கு ஒரு கை. அடுத்த வாரம் ரெண்டு கை. ஆசைப்பட்டு ஒரே நாள்ல கிண்ணம் கிண்ணமா அள்ளிப் போட்டுக்காத. சூப்பு குடிக்கிறியா?”

“நிறுத்தச் சொல்லிட்டாங்க.”

“யாரு?”

“லிசென்சியாதோ.”

“எத்தனை நாளாச்சு வெளிய போயி?”

காசிமிரா விரல்களை விரித்துக் காட்டினாள். எவுசேபியா தலையைப் பின்னால் சாய்த்துத் தொப்பிக்கடியிலிருந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அவரு பட்டத்தை வச்சு உன் குடலை வழிச்சு விடுவாரா? போயி சூப்பு குடி. காலைல பப்பாளி. தண்ணி குடி, தண்ணி. ராத்திரி பாதி வயித்துக்கு மேல திங்காத, இந்த உயரத்துல வயிறும் நமக்கு முன்னாடியே தூங்கிரும்.”

காசிமிரா அப்படியே செய்தாள். காலையில் முட்டையும் பப்பாளியும். மதியம் கீனுவா தானியமும் அவரையும் காரட்டும் உலர்ந்த லாமா இறைச்சியும் போட்ட சூப். மாலையில் ஒரு கை தார்வி. இரவில் சின்னத் துண்டுக் கோழி. முதல் இரண்டு நாள் தார்வியும் கொஞ்சம் முணுமுணுத்துப் பார்த்தது. பிறகு ஊரோடு ஒத்துப்போய்விட்டது. மூன்றாம் நாள் விடியற்காலை, இத்தனை நாள் பாக்கி முழுவதும் பைசல் ஆயிற்று. வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து செவேரோ எழுந்து நின்று கைதட்டினான்.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. குழுவுக்குப் போய்க்கொண்டிருந்த படங்கள். மாவுக் குவளையைப் படம் எடுத்துத் தொட்டியில் கொட்டும் ஒவ்வொரு தடவையும், ஆஃப்சைடு இல்லாத இடத்தில் கொடி தூக்கியது போல அவளுக்குக் கை கூசியது. ஒரு புதன்கிழமை சூப் கிண்ணத்தைப் படம் எடுத்து, ‘காசிமிரா, மதியம்’ என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

முதலில் குரோவர் ஒரு கண்ணீர் விடும் முகத்தைப் போட்டான். பசியா சிரிப்பா தெரியவில்லை. அதன் பின்னால் லிசென்சியாதோவின் குரல்பதிவு வந்தது.

“செனோரா, நான் மூணு சர்வதேசக் கருத்தரங்குல பேசினவன். வயிறு உப்புறது பலவீனம் வெளியேறுற அறிகுறி. அதைத் தாங்க முடியாதவங்க முதல் பிரிவைத் தாங்க மாட்டாங்க. உங்களுக்கு என் கையெழுத்து இல்லை.”

பேருந்து நிலையத்தில் நின்றபடியே அவள் அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போய்த் தேர்வு விதிகளின் நகலைக் கேட்டாள். அப்படி ஒன்றை இதுவரை யாரும் கேட்டதில்லையாம். தேடி எடுக்க இன்ஜினியருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நின்றுகொண்டே படித்தாள். பதினான்காம் விதி: உடற்தகுதிச் சான்றை அரசு சுகாதார நிலைய மருத்துவர் தர வேண்டும். ஆலோசகர் என்ற சொல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எங்கேயும் இல்லை.

தேர்வு நாள் காலை பத்து மணி. வெயில் இருந்தது, சூடு இல்லை. தராசில் காசிமிரா அறுபது கிலோ எண்ணூறு. சுகாதார நிலையத்தில் வாங்கிய சான்றைத் தலைவர் டாக்டரின் மேசையில் வைத்து, விதி நகலைப் பக்கத்தில் விரித்து வைத்தாள். டாக்டர் படித்தார், மறுபடி படித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தார். விதி மாறவில்லை.

“ஓடட்டும்,” என்றார்.

லிசென்சியாதோ விடுவதாக இல்லை. ஒரு தட்டில் பன்னிரண்டு குவளை மாவுக் கரைசலோடு கோட்டருகே வந்து நின்றார்.

“இது வெற்றிக் குவளை. ஓட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி. என் மாணவர்கள் எல்லாரும் குடிப்பாங்க.”

எல்லாரும் எடுத்தார்கள். தட்டு காசிமிராவின் முன்னால் வந்து நின்றது.

“வேண்டாம், லிசென்.”

“லிசென்சியாதோ.”

“வேண்டாம், லிசென்சியாதோ. என் வயித்துக்கு ஆகாது.”

“எல்லார் முன்னாடியும் எனக்கு அவமரியாதை பண்றீங்க.”

“அப்போ எல்லார் முன்னாடியும் நீங்களே அதைக் குடிங்க. நானும் யோசிக்கறேன்.”

பதினோரு பேரும் அவரைப் பார்த்தார்கள். தான் ஏற்கெனவே திட்டப்படி உண்டுவிட்டதாகச் சொல்லி லிசென்சியாதோ கையை உயர்த்தினார். உயர்த்திய கையின் வெள்ளைச் சட்டையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, மஞ்சளாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. காலையில் சால்தென்யா தின்பவன் கையில் மட்டுமே அந்தக் கோடு விழும். பூரித்த மாவுக்குள் இறைச்சிக் குழம்பு நிற்கும், கடிக்கத் தெரியாதவனை அது காட்டிக் கொடுக்கும்.

“எத்தனை தின்னீங்க, லிசென்?” என்று குரோவர் அக்கறையாக விசாரித்தான்.

லிசென்சியாதோ கையை இறக்கிக்கொண்டார். இதற்குள் குவளைகள் காலியாகியிருந்தன. குரோவர் மட்டும் தன்னுடையதைப் புல்லுக்கு வார்த்தான்.

விசில் ஒலித்தது.

முதல் பத்து ஓட்டம் எல்லாரும் கூட்டமாகவே போனார்கள். பதின்மூன்றாவதில் ஒருவன் விலாவைப் பிடித்தான். பதினேழாவதில் இருவர் விலகி மைதானத்தின் மறுகோடியில் இருந்த கழிப்பறையை நோக்கி, தேர்வில் காட்டாத வேகத்தைக் காட்டினார்கள். சாவி காவலாளியிடம் இருந்தது. காவலாளி தேநீர் குடிக்கப் போயிருந்தான். இருபத்திரண்டாவது முடிந்தபோது அங்கே ஐந்து பேர் வரிசை.

காசிமிரா திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தாறாவதில் தொடை கல்லாயிற்று. முப்பத்தொன்றாவதில் வயிற்றின் இடது மூலையில் பழைய முழங்கை ஒரு குத்து விட்டது. பதற்றமோ, காலைப் பப்பாளியோ, தெரியவில்லை. நடக்கும் இருபத்தைந்து மீட்டரில் அடிவயிற்றைக் கையால் அழுத்தினாள். திறந்த வெளிதானே என்று, வந்ததை வந்தபடி போகவிட்டாள். பின்னால் வந்த குரோவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து ஓடுபாதைக்கு மாறிக்கொண்டான். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. உதடு நீலமாகிவிட்டது, வாயில் இரும்பு ருசி. எண்ணிக்கையைத் தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை. நாற்பதாவது ஓட்டத்தைக் கோட்டுக்கு மூன்று எட்டு அப்பால் போய் முடித்தாள். கோட்டில் நின்றுவிட்டாள் என்று ஒருவனும் சொல்லக் கூடாது.

தேறியவர்கள் ஐந்து பேர். டாக்டர் பட்டியல் தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குள் லிசென்சியாதோ கோட்டை மாட்டிக் கையை மறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“செனோரா வால்ப்பா என் முறையின் சிறந்த உதாரணம், டாக்டர். பெயருக்குப் பக்கத்துல ‘பயிற்சி: லிசென்சியாதோ பெய்னாதோ’ன்னு ஒரு வரி சேர்த்துடுங்க.”

டாக்டர் பேனாவைத் தூக்கினார். காசிமிராவுக்கு இன்னும் மூச்சு ஒழுங்காக வரவில்லை. வியர்த்த உள்ளங்கையைத் தாளின் மேல் விரித்து வைத்தாள். அவள் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் விரல்களுக்கு நடுவே திறந்திருந்தது.

“பெயரை மட்டும் எழுதுங்க, டாக்டர்.”

“ஒரு வரிதானேம்மா. அவருக்கும் ஒரு மரியாதை.”

“மத்ததை அவரு கழிப்பறைப் பக்கம் நிக்கிறவங்க பேரோட சேத்துக்கட்டும்.”

டாக்டர் லிசென்சியாதோவைப் பார்த்தார். மைதானத்தின் மறுகோடியைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு முதல் பிரிவில் காலியான இடங்களில் கொடி பிடிக்க ஐந்தே பேர்தான் மிச்சம் என்று அவருக்கும் கணக்குத் தெரியும். அவள் விரல்களுக்கு நடுவே, வால்ப்பா, காசிமிரா என்று எழுதினார்.

மை காயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.