பெருவிரலின் எடை

"அப்பா, எடை போடும்போது உங்க கால் விரல் ஏன் தட்டுக்கு அடியில போகுது?"

கேட்டது பழைய இரும்புக் கடைக்காரரின் மகள். அப்போது அவள் தராசின் உயரம்கூட இல்லை. பெரியவர்கள் எல்லோரும் மேலே முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தரையில் உட்கார்ந்து நட்டு போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் கண்ணில் மட்டும் அது பட்டது. மூட்டை ஏறியதும் அப்பாவின் பெருவிரல் இரும்புத் தட்டின் விளிம்புக்குக் கீழே நுழையும். ஓர் எம்பு எம்பும். முள் கொஞ்சம் இறங்கும்.

வரிசையில் நின்றவர்கள் தெருத்தெருவாகப் பொறுக்கி வந்து அன்றாடம் விற்றுப் பிழைப்பவர்கள். அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. ஒருவன் குனிந்து பார்க்கப் போனான். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

தட்டின்மேல் இருந்த மூட்டை தகரக்காவுடையது. தகர டப்பாக்களாகப் பொறுக்கி விற்றதால் வந்த பெயர் அது. அவள்தான் முதலில் சிரித்தாள்.

"அது ஒண்ணுமில்ல பாப்பா. உங்கப்பா காலையிலேருந்து நிக்கிறார்ல, காலு மரத்துப்போயிருக்கும். முட்டுக் குடுத்து நிக்கிறாரு. ஏண்ணே, உக்காந்துதான் எடை போடுங்களேன். இரும்பு என்ன, எந்திரிச்சு ஓடவா போகுது?"

வரிசையே சிரித்துவிட்டது. குனியப் போனவன் நிமிர்ந்துகொண்டான். குறைந்த எடைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிய தகரக்கா, போகிறபோக்கில் ஒரே ஒரு தடவை அப்பாவின் காலைப் பார்த்தாள். பிறகு மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

மறுநாளே அப்பா, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் வாங்கினார். "தொழில்ல பாதுகாப்பு முக்கியம்" என்றார். அந்தத் தெருவில் பூட்ஸ் போட்ட முதல் இரும்புக் கடைக்காரர் என்று எல்லோரும் மெச்சினார்கள். மகள் அதன்பிறகு கேள்வி கேட்கவில்லை.

கடை வளர்ந்தது. கைவண்டி போய் லாரி வந்தது. பக்கத்து மனை வந்தது, அதற்குப் பக்கத்து மனையும் வந்தது. கார்களைப் பெட்டி பெட்டியாக அமுக்கித் தள்ளும் இயந்திரம் வந்தது. லாரியைச் சரக்கோடு நிறுத்தி எடை போடும் மேடை வந்தது. மகளின் தம்பி தலையெடுத்ததும் வாசல் பலகையில் 'மறுசுழற்சி நிறுவனம்' என்று எழுதிவைத்தான். சுற்றுச்சூழலைக் காத்ததற்காக அப்பாவுக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அந்த விரலுக்குத் தண்டனை வந்துவிடக்கூடாதே என்று மகள் சின்ன வயதில் தினமும் கும்பிட்டிருக்கிறாள். அவள் வேண்டுதல் அப்படியே பலித்தது. அப்பாவுக்கு ஒரு நகச்சுற்றுகூட வரவில்லை.

எடை போடும் வேலை இப்போது மகளுடையது. வாசல் தம்பியுடையது. ஒருநாள் காலை தகரக்கா வந்தாள். மூட்டையும் சிறுத்திருந்தது, ஆளும் சிறுத்திருந்தாள்.

"சில்லறைச் சரக்கு எடுக்கிறதில்ல, பெரியம்மா" என்றான் தம்பி. "இதை மேடையில வச்சா மெஷின் சிரிக்கும். லாரியில கொண்டுவாங்க."

"லாரிய வித்துட்டேன் தம்பி. டிரைவர் சரியில்ல."

தம்பி சிரிக்கவில்லை. "வேற கடையப் பாருங்க."

"எங்க பாக்கிறது? சின்னக் கடை அத்தனையும் நீங்கதான வளைச்சுப் போட்டீங்க. இந்த மூட்டை போகலன்னா இன்னைக்கு அடுப்பு எரியாதுப்பா."

அவன் கேட்டைச் சாத்தினான். பார்த்துக்கொண்டிருந்த மகள் நேரே அப்பாவின் அறைக்குப் போனாள்.

"தகரக்கா வந்திருக்காங்கப்பா. வாசல்லயே திருப்பி அனுப்புறான்."

"எந்தத் தகரக்கா?"

"அன்னைக்கு உங்க மானத்தைக் காப்பாத்துனவங்க."

அப்பா தேநீரை ஊதினார். நன்றாக நினைவிருக்கிறது என்பது அந்த நீண்ட ஊதலிலேயே தெரிந்தது.

"மானத்துக்கு மார்க்கெட்ல ரேட் இல்லம்மா. செம்பு இருந்தா வரச்சொல்லு."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "சரி. பின்வாசல்ல பழைய தராசு கிடக்கு. அதுல நான் எடுத்துக்கறேன். என் கைக்காசுல."

"என்னமோ பண்ணு. தம்பி கண்ணுல படாமப் பண்ணு."

உடைந்த பீரோக்களுக்கு நடுவே கிடந்தது தராசு. துருவைத் துடைத்து, தகரக்காவைக் கூட்டிவந்து, மூட்டையைத் தூக்கி வைத்தாள். கையில் கூடுதலாகத் திணித்தால் இவள் வாங்கமாட்டாள் என்பது மகளுக்குத் தெரியும்.

"நீயே பாத்துச் சொல்லு பாப்பா. எனக்கு முள்ளு மங்கலாத் தெரியுது" என்றபடி தகரக்கா காலிச் சாக்கை உதறி மடிப்பதற்காக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலின் பெருவிரலைத் தட்டின்மேல் வைத்து அழுத்தினாள். முள் ஏறியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

இரும்பு சில்லென்று இருந்தது. கீழே உட்கார்ந்து பார்க்க அங்கே எந்தக் குழந்தையும் இல்லை.