ஐந்தாவது பரீட்சைக்கு நூற்றெட்டு

"நூத்தி எட்டு வருதுடி."

"மறுபடியும் கூட்டு. நூத்துக்கு மேல எவ மார்க் போடுவா?" என்றாள் வகுப்புத் தோழி மெஹ்ருன்னிசா.

திரௌபதி மறுபடியும் கூட்டினாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து இது நான்காவது தடவை. எழுபது, அறுபத்தாறு, சுழி, ஐம்பத்தாறு. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஐந்து பரீட்சைக்குச் சராசரி அறுபது என்றால் முந்நூறு வேண்டும். நாளைக்கு நடக்கப்போகும் ஐந்தாவதில் அவள் நூற்றெட்டு வாங்கியாக வேண்டும்.

"அர்ச்சனைக்குன்னா நூத்தி எட்டு சரி. கணக்கு டீச்சருக்கு நூறோட தீந்துடும்டி."

சொன்ன மெஹ்ருன்னிசாவுக்கே சிரிப்பு வரவில்லை.

அறுபது என்ற எல்லையைப் போட்டவர் திரௌபதியின் அப்பா வேடியப்பன். பத்தாவதோடு நிறுத்திக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, இன்னும் படிக்கிறேன் என்று அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "கணக்குல அஞ்சு பரீட்சை. சராசரி அறுபது வந்தா படி. வரலன்னா வைகாசியில பந்தல்" என்று அவர் முடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதையே சொல்லியிருந்தார்.

மூன்றாம் பரீட்சையன்று அவளுக்கு டைபாய்டு. துண்டால் தன் முதுகோடு அவளைக் கட்டி, சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். வராதவர்களுக்கெல்லாம் டீச்சர் சுழி போட்டார்.

"எழுதாத பரீட்சைய எதுக்குடி சேக்கற? மூணால வகு. அறுபத்தி நாலு! போய் உங்க நைனாகிட்ட சொல்லு" என்றாள் மெஹ்ருன்னிசா.

அறுபத்து நான்கு. அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, பள்ளி விட்டதும் திரௌபதி மண்டிக்கு நடந்தாள். சொல்லச் சொல்ல அது நிஜமாகவே தன்னுடையது போலிருந்தது.

மண்டியில் நிலக்கடலைத் தரம் பார்ப்பது வேடியப்பனின் வேலை. மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து உடைத்து, பருப்பை நிறுப்பார். அவர் சொல்லும் சராசரிதான் லோடு முழுவதற்கும் விலை. அவள் போனபோது இருசப்பன் என்ற குடியானவர் எதிரே கைகட்டி நின்றார்.

"அண்ணே, அந்த ஒரு மூட்டைய மட்டும் விட்டுடுண்ணே. மழையில மாட்டிக்கிச்சு. மத்த ஒம்பதும் தங்கமாட்டம் மல்லாட்டை."

"லோடுல வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு..."

"வந்தா அதுலயும் ஒரு கை. உனக்கு விட்டா, நாளைக்கு என் கையை எவன்யா நம்புவான்?"

கருத்துப்போன அந்த மூட்டைக்குள் கையை விட்டு, மற்றவற்றில் எடுத்த அதே அளவு எடுத்தார். கூடவும் இல்லை, கம்மியும் இல்லை. இருபது வருஷமாக அந்தக் கை அப்படித்தான். இருசப்பன் நகரவில்லை. கடலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரௌபதிக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் அப்பா நிமிர்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இங்க?"

அவள் நோட்டை நீட்டினாள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரல் எழுபதில் தொடங்கி, அறுபத்தாறில் இறங்கி, சுழியில் நின்றது.

அறுபத்து நான்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இருசப்பன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், வாயில் வந்தது அவர் கேட்டதேதான்.

"அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டு, ஒரு தடவ வகுத்துப் பாரேன் நைனா."