தவக்காலத்தில் ஒரு அல்லேலூயா

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடியும்வரை மாதா கோயிலில் அல்லேலூயா பாடக் கூடாது. முதல் ஞாயிறு பூசையில், பாடற்குழுவை நடத்தும் ஜோனத்தன் பழக்கதோஷத்தில் கீபோர்டில் அந்த மெட்டை எடுத்துவிட்டான். குழுவில் பாடும் ஷார்மைனும் வாய் நிறையப் பாடிவிட்டாள். பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது.

அதன்பின் கிள்ளான் கோயிலில் பாடற்குழு ஒத்திகைக்கு அவள் வரும்போதெல்லாம் ஜோனத்தனே கேலி செய்வான். "அல்லேலூயா அக்கா வந்தாச்சு லா! வாய்க்குப் பிளாஸ்டர் எங்கக்கா?"

குழுவே சிரிக்கும்.

இன்றைய ஒத்திகையில், ஈஸ்டரன்று ஒருவர் தனியாகப் பாடும் அல்லேலூயாவையும் குழுவுக்குப் புதிதாக வந்த மகதலேனாவிடம் கொடுத்துவிட்டான். வருடம் முழுக்க ஷார்மைன் ஏங்கியது அந்த ஒரு பாட்டுக்குத்தான்.

'மெட்டை எடுத்தது யாருடா?' என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. தவக்காலத்துக்காக ஊதாத் துணி போர்த்திய சிலுவையைப் பார்த்தாள். தம்மைக் கேலி செய்தவர்களிடம் இயேசு ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. கேள்வியை விழுங்கிக்கொண்டு, பயத்தில் பாட்டுத்தாளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த மகதலேனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மூணாவது வரிக்கு முன்னாடி மூச்சு எடுத்துக்கம்மா. அப்பதான் குரல் மேல போகும்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த மெட்டு தொண்டைவரை வந்து நின்றது. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஷார்மைன் உதட்டை மூடிக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே கடைசி வரிவரை பாடினாள்.