வெள்ளிக்கிழமைக் கார்

நாலாவது வெள்ளிக்கிழமையும் அந்தச் சாம்பல் நிறக் கார் சந்துக்குத் திரும்பி வந்தபோது, அஃப்ராகோமா வாச்சே அண்டாவின் மூடியை டங்கென்று போட்டாள். காராமணியும் அரிசியும் சேர்ந்து வெந்த ஆவி முகத்தில் அடித்தது. அவள் வயிறு அதைவிட எரிந்துகொண்டிருந்தது.

குமாசி நகரத்துச் சுவாமேயில், கார்ப் பட்டறைகளுக்கு நடுவில் பன்னிரண்டு வருஷமாகச் சோறு விற்கிறாள். பத்தடி தள்ளி அவள் புருஷன் ஒடெங்கின் பட்டறை. அவனுடைய மூக்கு அந்த வட்டாரத்தில் பேர்போனது. கார் சந்துக்குள் நுழையும்போதே, கிளட்ச் கருகுகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று மோந்தே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனால் நாலு வாரமாக ஒரு தண்ணீர் ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

காரின் சொந்தக்காரி மேடம் ஃபெலிசியா. ஹாம்பர்க்கில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு குமாசிக்குத் திரும்பியவள். கார்தான் கிழம், மேடம் இல்லை. மற்றவர்களைப்போல் கண்ட தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றமாட்டாள். எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சை நிறக் கூலண்டைத் தானே வாங்கி வருவாள். வாரத்துக்கு ஒரு பாட்டில் காணாமல் போயிற்று.

முதல் வாரம் ஒடெங் ஹோஸை மாற்றினான். இரண்டாம் வாரம் ரேடியேட்டரைக் கழற்றி, பக்கத்துப் பட்டறை வெல்டர் சார்போங்கிடம் கொடுத்துப் பற்றவைத்தான். மூன்றாம் வாரம் வாட்டர் பம்ப். ஒவ்வொரு தடவையும் எஞ்சினை ஓடவிட்டு, அடியில் அட்டையை விரித்துப் பார்த்தான். அட்டை காய்ந்தே கிடந்தது. சொட்டாத ஒழுக்கு உலகத்தில் உண்டா? கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களே, அந்தக் கதைதான் என்று அஃப்ராகோமா நினைத்தாள்.

அட்டை காய்ந்திருந்தால் அடுத்தது ரோடு டெஸ்ட். மேடம் ஓட்டுவாள். ஒடெங் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினைக் காதுகொடுத்துக் கேட்பான்.

"அக்கா, ரவுண்டானா வரைக்கும்தான் போயிருக்காங்க," என்பான் சார்போங், சோற்றில் மிளகாய்க் குழம்பைக் குழைத்துக்கொண்டே. "அத எத்தன தடவ சுத்துவாங்கன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

"மொதல்ல உன் வாய வெல்டிங் வெச்சு ஒட்டுடா."

"ஒட்டிட்டா உங்க சோத்த யாரு திங்கறது?"

போன வாரம் அவர்கள் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. உச்சி வெயில். காரின் முன்கண்ணாடி உட்புறம் முழுக்க ஆவி படிந்து மங்கியிருந்தது. ஒடெங் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மேடம் விசிறிக்கொண்டே எதற்கோ சிரித்தாள். அன்று சாயங்காலம் அவன் பேண்ட்டைத் துவைக்க எடுத்தபோது, முழங்காலுக்குக் கீழே தித்திப்பான ஒரு வாசனை வந்தது. மேடத்தின் சென்ட்தான் என்று அஃப்ராகோமா முடிவுகட்டினாள். போதாததற்கு வியாழக்கிழமைதோறும் அவன் தன் நீலச் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்கிறான். கல்யாணமான நாளிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டறியாதவன்.

மாம்போங்கில் இருந்த தாய்மாமனுக்குப் போன் போட்டாள்.

"மாமா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நான் வந்துடறேன். கல்யாணத்துக்கு அவங்க குடுத்த ஜின் பாட்டிலத் திருப்பிக் குடுத்துடுங்க."

அவர்கள் வழக்கப்படி, பெண் வீட்டார் அதேபோல் ஒரு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கல்யாணம் முறிந்தது. அப்புறம் அவள் அவனுக்குப் பெண்டாட்டி இல்லை.

"வெள்ளிக்கெழம பாட்டிலோட வர்றேன்," என்றார் மாமா. "ஆனா ஒண்ணு. சந்தேகத்த எங்கிட்ட காட்டாத, சாட்சியக் காட்டு. கையால தொட்டுப் பாக்கற மாதிரி இருக்கணும்."

அதனால்தான் இன்று மாமா அவள் கடைப் பெஞ்சில், நாளிதழில் சுற்றிய ஜின் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒடெங்கும் மேடமும் ரோடு டெஸ்ட் முடிந்து திரும்பினார்கள். கண்ணாடி மறுபடி மங்கியிருந்தது. இருவரும் இறங்கி முன்மூடியைத் திறந்து, உள்ளே தலையை நுழைத்தார்கள்.

அஃப்ராகோமா சோற்றுக் கரண்டியோடு நேரே போய், அவன் உட்கார்ந்து வந்த பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரு கைக்குட்டை, ஒரு பூசுமாவு டப்பா, ஏதாவது ஒன்று. உள்ளே தலையை விட்டதுமே அந்தத் தித்திப்பு வாசனை குப்பென்று ஏறியது.

"மாமா, இங்க வாங்க," என்று கத்தினாள். "மோந்து பாருங்க. இதே வாசனதான் இவரு பேண்ட்டுல."

கண்ணாடியை விரலால் தேய்த்தாள். ஆவி என்று நினைத்தது எண்ணெய்போல் விரலில் ஒட்டியது. குனிந்து இருக்கைக்கு முன்னால் தரையில் தடவினாள். கால்மிதி சொதசொதவென்றிருந்தது. ஆத்திரத்தில் பிய்த்து இழுத்தாள். அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

மாமாவும் சார்போங்கும் எட்டிப் பார்த்தார்கள். அவள் பச்சைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒடெங் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்து மோந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஹீட்டரு," என்றான் மெதுவாக.

"என்னது?"

"குளிர் தேசத்துக் காரு. உள்ள சூடாக்கறதுக்கு டேஷ்போர்டு பின்னால ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். அது ஓட்டை. தண்ணியெல்லாம் உள்ளயே கொட்டுது. அதான் அட்டை நனையல, கண்ணாடி மங்குது."

"இந்த வேக்காட்டுல ஹீட்டரா," என்றான் சார்போங். "நரகத்துக்கு எவன்யா வெறகு கொண்டுபோவான்? எனக்கும்தான் தோணல மாஸ்டர்."

உண்மைதான். குமாசியில் ஹீட்டரை யாரும் திருகுவதே இல்லை, அதனால் அப்படி ஒன்று காரில் இருப்பதே எவன் நினைவிலும் இல்லை. மேடம் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஹாம்பர்க்கில் பனிக்காலமெல்லாம் அதை ஓட்டியவள் அவள், அவளும் மறந்துவிட்டாள். தரையில் ஈரம் கண்டும் ஏ.சி. தண்ணீர் என்றே இருந்தாளாம்.

பிறகு இருபது நிமிஷ வேலைதான். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் அங்கிருந்து திரும்பும் ஹோஸையும் கழற்றி, இரண்டையும் ஒரு செப்புக்குழாய்த் துண்டால் சேர்த்து, கிளிப் போட்டு முறுக்கினான். இனி ஹீட்டர் பக்கம் தண்ணீரே போகாது. கூலண்டை நிரப்பி, காற்றை வெளியேற்றி, விசிறி தானாகச் சுற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டான். மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"ஒன் சாட்சி நல்ல சாட்சி," என்று மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "குத்தவாளி ஹீட்டரு. இந்தப் பாட்டில எதுக்கு மாம்போங் வரைக்கும் திரும்பத் தூக்கிட்டுப் போறது? சார்போங், டம்ளர் எடு." அங்கேயே திறந்து, பூமிக்கு முதல் சொட்டை ஊற்றிவிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பாட்டிலைக் காலி செய்தார்கள்.

அஃப்ராகோமாவும் சிரித்தாள். வெட்கமாக இருந்தது, பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது. மேடத்துக்கு ஒரு பொட்டலம் வாச்சே கட்டிக் கொடுத்து, அவித்த முட்டை ஒன்றும் வைத்தாள்.

"இனிமே வாராவாரம் வந்து தொந்தரவு பண்ண மாட்டேன் மாஸ்டர்," என்றாள் மேடம், காரில் ஏறிக்கொண்டே.

"எதுக்கும் அடுத்த வெள்ளி ஒரு தடவ காட்டிட்டுப் போங்க மேடம்," என்றான் ஒடெங்.

"ஒழுகலன்னா எதுக்கு?"

அவள் போய்விட்டாள். ஒடெங் ஸ்பானரைத் துடைத்தபடி சந்து முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தான்.

அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அஃப்ராகோமாவுக்கு அது உறைத்தது. காலடியில் கூலண்ட் தேங்கிக் கிடந்திருக்கிறது. அவன் பேண்ட்டே நனைந்திருக்கிறது. சந்து முனையிலேயே மோந்து சொல்கிற மூக்கு, நாலு வெள்ளிக்கிழமை அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறது. ஹீட்டரை மறந்தது எல்லோரும் செய்கிற பிழை. காலில் ஈரம் படுவதுகூடத் தெரியாமல் அவன் எங்கே இருந்தான்? மேடத்தின் மேல் குற்றமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அது தெரிந்ததால் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. அவள்மேல் குற்றம் இருந்திருந்தால் போய் முடியைப் பிடித்து உலுக்கியாவது வந்திருக்கலாம்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அவன் இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். நீலச் சட்டையை விரித்து, காலர்வரை நிதானமாகத் தேய்த்தான்.

"நாளைக்கு யாரு வர்றாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லயே. ஏன்?"

வெள்ளிக்கிழமை காலை, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு ஜின் பாட்டில் வாங்கினாள். நாளிதழில் சுற்றி, கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.